விலை போட வந்த நாள்

எங்கே எது கோணலாக நின்றாலும் அந்த மனிதருக்குப் பொறுக்காது. டீக்கடைக்குப் போனால் முதலில் பெஞ்சைத்தான் பார்ப்பார். ஒரு கால் ஆடினால் எழுந்து போய் செங்கல் சில்லு ஒன்றைத் தேடி எடுத்து வந்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். அதற்குள் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். வேலைப் பையில் மட்டம் பார்க்கிற ரசமட்டம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால், கூட வேலை செய்கிற கொத்தனார்கள் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கோர்ட்டுக் காகிதம் வந்தபோதுதான் தெருவுக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்ட ரசமட்டம், தன் வீட்டுக்கு விலை போட ஆள் வருவதற்கு முந்தின சாயங்காலம், பெரிய பாத்திரத்தில் டீத்தூளைக் கொட்டிக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். குடிப்பதற்கு அல்ல, சுவரில் பூசுவதற்கு.

யோசனை அவருடைய அக்காவுடையது. விவாகரத்து முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. வீடு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கோர்ட்டு அனுப்புகிற ஆள் வந்து பார்த்து ஒரு விலை சொல்வார். அதில் பாதியை மனைவிக்குக் கொடுத்தால் வீடு அவருக்கு. கொடுக்க முடியாவிட்டால் விற்று ஆளுக்குப் பாதி. கூலிக்குச் சுவர் பூசுகிறவரால் எவ்வளவு புரட்டிவிட முடியும்? விலை குறைவாக விழுந்தால்தான் உண்டு.

"நீ பாட்டுக்கு வீட்டைக் கல்யாணப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தா அவன் விலையை ஏத்தாம என்ன பண்ணுவான்?" என்றாள் அக்காக்காரி. ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை அவளுக்கு. எந்தக் கறை எதில் போகும், எது போகாது என்று நன்றாகத் தெரிந்தவள். "டீத்தண்ணியைத் தரையிலேருந்து முழங்கால் உசரத்துக்கு அடிச்சு விடு. மழை வேற பெஞ்சு ஓஞ்சிருக்கு. ஓதம் ஏறியிருக்குன்னு நெனச்சுக்குவான்."

"தப்பு இல்லியா அக்கா?"

"தெருவுல நிக்கிறது சரியா? அவளுக்கு அண்ணன் வீடு இருக்கு. உனக்கு யாரு இருக்கா? என் வீட்டுல நான் கால் நீட்டவே எடம் கெடையாது."

அது உண்மைதான். ஸ்பாஞ்சை டீத்தண்ணீரில் முக்கி, ஹாலின் சுவரைச் சுற்றிக் குனிந்து குனிந்து ஒற்றி எடுத்தார். ஒரு காலத்தில் அந்தச் சுவருக்குக் கடைசிப் பூச்சு பூசிவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஒரு மணல் நெருடினால்கூட மறுபடி தேய்த்தவர். இப்போது அதே கையால் அழுக்காக்கினார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறைக் கதவு நிலைக்கு மேலே பூச்சுக் கரண்டி முனையால் ஒரு வெடிப்புக் கீற வேண்டும். கரண்டியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கீழே நின்ற அக்காக்காரி, "விடியறதுக்குள்ள முடிப்பியா?" என்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

ஹால் பல்பையும் கழற்றி வைத்தார். அன்று ராத்திரி சமைக்கவில்லை. ரெண்டு துண்டு ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு, ஹாலில் படுக்கக் கூசி, பின்பக்கம் கதவோரம் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மனைவி வந்தாள். தெருவில் அவளுக்குத் தையல்காரம்மா என்று பெயர். ஒரு பெரிய துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியவளை, முனையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் சிரித்து, "வீட்டுக்கு விலை போட வராங்களாமே?" என்றாள்.

"ஆமாக்கா."

"நல்ல விலை வரும். உன் வீட்டுக்கென்ன குறைச்சல்?"

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனாலும் தையல்காரம்மாவுக்குக் காது மடல் சூடேறியது. போன மழைக்காலத்துக்கு முன்னால் இதே தெரு வழியாகத்தான் தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்றைக்கும் இப்படித்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அண்ணன் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதே அவளுக்குப் பாரமாக இருந்தது. நடையில் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மிஷின். மிஷினுக்கு அடியில் காலை நீட்டித்தான் படுக்கை. காலேஜுக்குப் போகிற மகள் அண்ணன் பிள்ளைகளோடு ஒரே கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தாள். தையல்காரம்மா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடை பார்த்து வைத்திருந்தாள். முன்னால் மிஷின் போடலாம், பின்னால் அறை ஒன்று, கதவைச் சாத்திக்கொள்ளலாம். கடைக்காரர் முன்பணம் கேட்டார். அந்தப் பணம் வருவதற்கு இந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போவதா, தட்டுவதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றாள். ரசமட்டம் எட்டிப் பார்த்தார்.

"வா. உள்ள வா," என்றார்.

அவளுடைய வீட்டுக்குள் அவளை விருந்தாளி போலக் கூப்பிட்டது இருவருக்கும் உறைத்தது. அவர் ஒதுங்கி நின்றார். அவள் செருப்பைக் கழற்றி, பழைய இடத்தில் வைக்காமல் வெளியிலேயே விட்டாள்.

உள்ளே வந்ததும் திகைத்துவிட்டாள். சுவரெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. ஹாலில் பல்பு இல்லை. படுக்கையறை நிலைக்கு மேலே வெடிப்பு. சிமெண்ட் தூள் ஒட்டிய செருப்போடு உள்ளே வந்ததற்காக, கைக்குழந்தைக்காரியாக இருந்த அவளை ஒருநாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த மனிதரின் வீடு இது. நான் போனதும் இப்படி ஆகிவிட்டாரே என்று அவளுக்கு அவர்மேல் இரக்கமாக வந்தது. கொண்டுவந்த பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அது என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல."

"துணியா?"

"திரை. ஜன்னலுக்கு. வர்ற ஆளுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுமேன்னு."

ஜன்னல் திரைகளை இரண்டு நாளாகத் தைத்திருந்தாள். கேட்டு வாங்கிய துணி, நல்ல கனம், ஓரத்தில் மடிப்பு வைத்தது. அளவெடுக்க வரவில்லை. எந்த ஜன்னல் எவ்வளவு அகலம் என்று அவளுக்கு மனப்பாடம். வர்றவன் கண்ணுக்கு வீடு கொஞ்சம் பணக்கார வீடாகத் தெரியட்டும் என்பதுதான் கணக்கு. அது அவருக்கும் புரிந்தது. புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, அவர் பண்ணி வைத்திருக்கிற காரியம் அப்படி. "கொண்டா, மாட்டித் தரேன்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கம்பியில் திரையைக் கோத்து மேலே ஏற்றினார். ஒரு பக்கம் கொக்கி இறங்கியிருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தார். இறங்கிப் போய் சுத்தியல் எடுத்துவந்து, கொக்கியைப் பிடுங்கி, அரை விரலளவு மேலே அடித்தார். வீட்டை அசிங்கமாகக் காட்ட வேண்டிய நாளில், அழகாகக் காட்டுகிற திரைக்கு மட்டம் பார்த்துக்கொண்டு நின்றார் மனிதர். அவருக்கே அது உறைக்கவில்லை. அவள்தான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"அண்ணி முட்டை வேக வெச்சுக் கொடுத்தாங்க."

"பொண்ணு?"

"பரீட்சை."

சும்மா நிற்க முடியாமல் அவள் சமையலறைக்குள் போய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். "ஆள் வர்றதுக்குள்ள இந்தச் சுவரையாவது ஒரு தொட தொடைக்கிறேன். பூசணம் புடிச்சிருக்கு பாருங்க."

"விடு விடு. அது போகாது," என்று அவர் ஸ்டூலிலிருந்து அவசரமாக இறங்கினார்.

அதற்குள் துடைத்துவிட்டாள். உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பளிச்சென்று வெள்ளையாக வந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு குனிந்து, கறை எங்கிருந்து எங்கே போகிறது என்று சுவரோடு சுவராகக் கண்ணை ஓட்டினாள். வாசல் ஓரத்தில் எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரத்தில் மூலை திரும்பி, ஜன்னலுக்குக் கீழே ஓடி, எதிர்ச் சுவரிலும் அதே கோட்டில் முடிந்தது. மயிரிழை ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை.

"ஓதம் இப்படி மட்டம் பாத்தா ஏறும்?" என்றாள்.

அவர் அப்போதுதான் கறையை முழுசாகப் பார்த்தார். ஏமாற்றுவதற்குக்கூட அந்தக் கைக்குக் கோணலாக வேலை செய்யத் தெரியவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"டீத்தண்ணியா?"

அவர் ஸ்டூலை ஓரமாக நகர்த்தினார்.

"அந்த வெடிப்பு?"

அவர் சுத்தியலைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நானும் நீங்க நொந்து போய்க் கெடக்கீங்கன்னு நெனச்சு," என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர்மேல் இரக்கப்பட்டதை நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு கீழே இறங்குவாரா? எனக்கு ஒரு கதவு சாத்துகிற அறை கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவா? கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தமும், "வாங்க சார், இதான் வீடு," என்று அக்காக்காரியின் குரலும் கேட்டன.

அடுத்து அவள் செய்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, துடைத்த இடம் தெரியாதபடி சுவரோடு ஒட்டிப் போட்டாள். வெளியாள் வந்துவிட்டால் வீட்டு அசிங்கத்தை மூடுவது என்று இத்தனை வருஷம் பழகிய உடம்பு. அது யாருடைய அசிங்கம், மூடினால் யாருக்கு நஷ்டம் என்று யோசிக்கவில்லை.

விலை போட வந்தவருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே வணக்கம் சொன்னார். பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழவைத்து அளவு குறித்துக்கொண்டார். ஹால், சமையலறை, பின்பக்கம் என்று அவர் போக, இருவரும் பின்னாலேயே போனார்கள். கடைசியில் அக்காக்காரி.

"மழை பெஞ்சா சமையக்கட்டுல சொட்டும் சார்," என்றாள் அக்காக்காரி.

"எந்தக் காலத்துல சொட்டிச்சு அக்கா?" என்றாள் தையல்காரம்மா. "ஜன்னல் கெழக்கு பாத்தது சார். காலையில வெயில் நேரா விழும். மிஷினுக்கு லைட்டே போட வேண்டாம்."

"வெயில் விழுந்தா சூடு தாங்காது சார்."

"காத்தும் வரும் சார்."

அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டார். "ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. இந்தத் திரை புதுசா?"

"ஆமா சார்," என்று தையல்காரம்மா ஆவலோடு முன்னால் வந்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா திரைக்கெல்லாம் நாங்க மதிப்பு போடுறதில்லம்மா. சுவரும் தரையும் கூரையும்தான்."

அக்காக்காரி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தையல்காரம்மா திரையின் ஓரத்தை விட்டுக் கையை எடுத்தாள்.

இரண்டாவது அறையில் இன்னொரு கட்டில் கிடந்தது. "இது யாரு படுக்கிறது?" என்றார் அவர்.

பிரிவதற்கு முன்னால் ரொம்ப நாளாகவே தையல்காரம்மா அந்த அறையில்தான் படுத்தாள். அது அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அக்காக்காரிக்கும் தெரியாது.

"நான்தான்," என்றாள் கடைசியில்.

"சரி. ரெண்டும் படுக்கையறைன்னு போட்டுக்கறேன்," என்று அவர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு அறை. அக்காக்காரி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார்.

மறுபடி ஹாலுக்கு வந்தபோதுதான் விலை போட வந்தவர் சுவரைக் கவனித்தார். கிட்டே போய் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து நிலைக்கு மேலே வெடிப்பைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"என்ன வேலை இது? நாலு பக்கமும் ஓதம் ஏறியிருக்கு. அடியில ஈரம் தடுக்கிற பூச்சே போடாம சுவரைத் தூக்கியிருக்கான். பாக்குறதுக்கு மட்டும் வழவழன்னு பூசி விட்டிருக்கான். உங்களை நல்லா ஏமாத்திட்டான்மா. எந்தக் கொத்தனார் செஞ்சது?"

அக்காக்காரி விழித்தாள். அவள் போட்ட கணக்கில் இந்தக் கேள்வி வரவில்லை.

"சொல்லுங்க, பரவால்ல. நான் நாள் தவறாம வீடு பாக்குறவன். இப்படிப்பட்ட ஆள்கிட்ட வேலை குடுக்காதீங்கன்னு நாலு பேருக்குச் சொன்னா புண்ணியமாப் போகும்."

தையல்காரம்மா புருஷனைப் பார்த்தாள். சொல்லட்டும், அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாள். அவருக்குத் தலை நிமிரவில்லை. காதோரம் நரைத்திருந்தது. அவள் போகும்போது அந்த நரை இல்லை.

"வெளியூர் ஆளு சார்," என்றாள். "பேரு ஞாபகம் இல்ல. அப்பவே ஊரை விட்டுப் போயிட்டாரு."

"அப்படித்தான் போவானுங்க," என்றபடி அவர் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் சொன்னார். "கட்டுமானத் தரம், மோசம்."

அந்த ஒரு வரியில் விலை எவ்வளவு இறங்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மார்க்கெட்டுக் கடை கைநழுவிப் போவது கண்முன்னால் தெரிந்தது. ஏன் சொன்னேன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவள் வீட்டை விட்டுப் போனதே இந்தச் சுவரை வைத்து வந்த சண்டையில்தான். ஒரு பேச்சுக்கு இன்னொரு பேச்சு வளர்ந்து, "இந்த வீட்டுல எனக்கும் பங்கு இருக்கு. வயித்துல புள்ளையோட குடம் குடமாச் சுமந்து, பூச்சு வெடிக்காம இந்தச் சுவருக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன்," என்று அவள் சொன்னாள். "நான் கட்டின வீடு இது. தண்ணி ஊத்தினவங்கல்லாம் வீட்டுக்காரங்களா?" என்று அவர் கேட்டார். அடித்திருந்தால்கூட இருந்திருப்பாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் அந்த வீட்டில் அவளால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அப்படிச் சொன்ன மனிதரின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று இப்போது பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். தன் புத்தியைத் தானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

வந்தவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "ரெண்டு பேரும் பாத்தாச்சு, ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போடுங்க."

அவள் பேனாவை வாங்கி, படித்துப் பார்க்காமல் போட்டாள். பேனாவைப் புருஷன் பக்கம் தள்ளினாள். அக்காக்காரி நிம்மதியாக மூச்சு விட்டாள். நினைத்தபடியே விலை இறங்கிவிட்டது. வீடு தம்பிக்குத்தான்.

ரசமட்டம் பேனாவை எடுத்தார். காகிதத்தில் குனிந்தார். அப்படியே நின்றார்.

"இங்க, கீழ," என்று காட்டினார் வந்தவர்.

"தெரியுது சார்."

பேனாவை மூடி வைத்தார். நேரே போய் நாற்காலியை இழுத்து அப்பால் போட்டார். சுவரில் அந்த வெள்ளைத் திட்டு தெரிந்தது. மனைவியின் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினார். அவள் இடுப்பிலிருந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து துடைத்தார்.

"தம்பி," என்றாள் அக்காக்காரி.

"இரு அக்கா. சார், இது ஓதம் இல்ல. டீத்தண்ணி. நேத்து நான்தான் அடிச்சேன். அந்த வெடிப்பும் நான் கீறினது. மேல்பூச்சுதான், உள்ள ஒண்ணும் இல்ல. வெளியூர் ஆளு யாரும் கெடையாது. நான்தான் கொத்தனார்."

வந்தவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கோர்ட்டு வேலையை என்ன விளையாட்டுன்னு நெனச்சீங்களா? இதை அப்படியே எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஏம்மா, நீங்களும் சேர்ந்துதான் பொய் சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"நீங்க எதுக்குச் சொன்னீங்க? நஷ்டம் உங்களுக்குத்தானே?"

ரசமட்டம் எழுந்து கைகட்டி நின்றார். வெளியே யாரோ இரண்டு பேர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். அக்காக்காரி போய் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, கதவிலேயே சாய்ந்தபடி, "எழுதாதீங்க சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவனுக்கு இதெல்லாம் வராது," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். "எல்லாத்தையும் தொடைங்க. முழுசா பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

ஆளுக்கொரு துணியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு சுவர் புருஷன், எதிர்ச் சுவர் பெண்டாட்டி, ஜன்னலுக்குக் கீழே அக்காக்காரி. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் குந்தி நகர்ந்து நகர்ந்து துடைத்தார்கள். வாளித் தண்ணீர் பழுப்பாகியது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மூன்றாம் மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க, மூன்று பேரும் அவருக்கு முன்னால் தரையில் கிடந்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கிற சாக்கில் தோளில் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

சுவர் வெளுத்து வந்தது. வந்தவர் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் இழுத்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். ஸ்டூலில் ஏறி வெடிப்பை நகத்தால் சுரண்டினார். இறங்கி வந்தபோது கோபம் பாதி போயிருந்தது.

"இப்படி ஒரு பூச்சை நான் பாத்து ரொம்ப நாளாச்சு," என்றார். "இவ்வளவு நல்ல சுவரைப் போய் இப்படிப் பண்ண உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

ரசமட்டம் வாளியைப் பார்த்தார்.

"சரி, எழுதிக்கறேன். கட்டினது நீங்க ஒருத்தர்தானா?"

"ஆமா சார், நான் கட்டி..." என்று பழக்கத்தில் வந்துவிட்டது. நிறுத்தினார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இல்ல சார். நாங்க ரெண்டு பேரும். பூசினது நான். தண்ணி ஊத்திக் காப்பாத்தினது இவ. நெறமாசமா இருந்தா அப்ப. ஒரு வேளை தவறினதில்ல. அந்தத் தண்ணி இல்லன்னா பூச்சு இப்படி நின்னிருக்காது. எல்லாம் அன்னிக்கே பொரிஞ்சு கொட்டியிருக்கும். அதையும் எழுத முடிஞ்சா எழுதுங்க."

"அதெல்லாம் எழுத எடம் இல்லைங்க," என்றார் அவர். ஆனால் குரலில் முன்னிருந்த கடுப்பு இல்லை. பழைய காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு புதிதாக எழுத ஆரம்பித்தார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அவ்வளவு காலம் அந்த வீட்டில் காத்திருந்தாள். வராது என்று தெரிந்த பிறகுதான் போனாள். இப்போது ஒரு அந்நியர் முன்னால், அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அழுகை வரும், இல்லையென்றால் பழைய கோபமாவது வரும் என்றுதான் அவளும் நினைத்திருப்பாள். இரண்டும் வரவில்லை. மளமளவென்று ஓடுகிற பேனாவைப் பார்த்தாள். தரம் நன்று என்று எழுதுவார். விலை ஏறும். கடைக்காரருக்கு இந்த வாரமே சொல்லிவிடலாம். பின்னறைக்குப் புதுப் பூட்டு வாங்க வேண்டும். இவர் எங்கே போவார் என்பது அதற்கெல்லாம் பிறகுதான் தோன்றியது. தோன்றிய அந்த நொடியில் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அவ்வளவுதானே? வேற ஏதாவது விட்டுப்போச்சா?" என்றார் வந்தவர்.

இல்லை சார் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"பின்னாடி போர் இருக்கு சார்," என்றாள். "வருஷம் பூரா தண்ணி வரும். அதையும் சேத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. முகம் தீய்ந்தது. யாரையும் பார்க்க முடியாமல் கையிலிருந்த அழுக்குத் துணியைப் பிழிந்தாள். அதில் பிழிய ஒன்றும் மீதியில்லை.

வந்தவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமா சார்," என்றார் அவர். "கோடையிலயும் வத்தாது."